ஆய்வு முடிந்ததும் டேப் திரும்பிப் போகிறது: நம் எல்லை ஊர்களில் டிஜிட்டல் மருத்துவம் நிலைக்க என்ன வேண்டும்?

பாலாறு_மேற்கு (வி.கோட்டா)
திங்கள், இரவு 9.10

எல்லோருக்கும் வணக்கம். வி.கோட்டா பக்கம் என் ஊர். சுகாதார ஆய்வுகளில் களப்பணி செய்தேன், இப்போது மேற்பார்வை. வீடு வீடாகப் போய் பிபி பார்த்து, விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, டேபில் (டேப்லெட் கம்ப்யூட்டரில்) ஏற்றுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ரொம்ப நாளாக மனதில் கிடப்பதை இங்கே வைக்கிறேன். ஆந்திரா, தமிழ்நாடு என்று இரண்டு பக்கத்து ஆஸ்பத்திரியையும் பார்த்தவர்கள் நாம்தான்.

ஒரு ஆய்வு வருகிறது. ஊர்ச் சுகாதாரப் பணி செய்யும் ஆஷா அக்காக்களுக்கு டேப் கொடுத்துப் பயிற்சியும் கொடுக்கிறார்கள். யாருக்கு பிரஷர், யாருக்கு மாரடைப்பு வரும் அபாயம் என்று ஆப் சொல்கிறது. ஜனங்களும் நம்பிக் கையை நீட்டுகிறார்கள். ஆய்வுக் காலம் முடிந்ததும் டேப் திரும்பிப் போகிறது, கட்டுரை வெளியாகிறது. அந்தத் தெருவில் மறுபடி நடந்தால் "பிரஷர் பார்க்க வந்த பொண்ணு ஏம்பா இப்ப வர்றதில்ல?" என்று கேட்கிறார்கள்.

மேற்கு கோதாவரி மாவட்டத்தில் ஜார்ஜ் இன்ஸ்டிட்யூட் என்ற ஆராய்ச்சி நிறுவனம் நடத்திய ஸ்மார்ட்ஹெல்த் இந்தியா ஆய்வைப் பாருங்கள். முடிவு 2019-ல் வெளியானது. 18 பிஎச்சி (ஆரம்ப சுகாதார நிலையம்), 54 கிராமம். 40 வயது தாண்டிய 60 ஆயிரத்துக்கும் அதிகமானவர்களை ஆஷாக்கள் பரிசோதித்தார்கள். ஆப் அபாயத்தைக் கணக்குப் போட்டு விவரத்தை பிஎச்சி டாக்டருக்கு அனுப்பியது. யாரை மறுபடி பார்க்க வேண்டும் என்ற பட்டியல் ஆஷாவுக்கே வந்தது. இவ்வளவு செய்தும், அதிக அபாயத்தில் இருந்தவர்களில் பிரஷர் கட்டுக்குள் வந்தவர்கள் ஆப் இருந்த காலத்தில் 41 சதவீதம், இல்லாத காலத்தில் 39 சதவீதம். இதை வித்தியாசம் என்றே சொல்ல முடியாது. ஆஷாக்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அவர்கள் அனுப்பிய ஆள் போய்ச் சேர்ந்த இடத்தில் டாக்டர் பற்றாக்குறை, மருந்துத் தட்டுப்பாடு.

அதனால் நான் நினைப்பது இதுதான். ஆய்விலிருந்து நடைமுறைக்கு ஆப்பை மட்டும் தூக்கிக்கொண்டு வந்தால் ஒன்றும் நடக்காது. மாத்திரை, ஆள், அந்த ஆளுக்கு நேரம், இந்த மூன்றும் கூடவே வர வேண்டும். கொள்கை எழுதுகிறவர்கள் ஆப்பைத்தான் வாங்குகிறார்கள், ஏனென்றால் திறப்பு விழாவில் காட்ட முடிவது அது ஒன்றுதான். உங்கள் அனுபவம் என்ன?


காலை_வண்டி (குப்பம்)
திங்கள், இரவு 10.02

அண்ணா, நல்ல இழை. தினமும் ரயிலில் பெங்களூர் போய் சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறவன் நான். உங்கள் கருத்தில் பாதிக்கு உடன்படுகிறேன்.

மீதிப் பாதி தொழில்நுட்பத்தின் தப்புதான். ஒவ்வொரு ஆய்வும் தனக்கென்று ஒரு ஆப், தனக்கென்று ஒரு சர்வர் வைத்துக்கொள்கிறது. ஆய்வு முடிந்தால் அந்தத் தகவலும் அதோடு முடிந்தது. உகாண்டாவில் இப்படி மொபைல் சோதனைத் திட்டங்கள் குவிந்துபோய், 2012-ல் சுகாதார அமைச்சகமே "போதும், நிறுத்துங்கள்" என்று தடை போட்டது. எங்கள் நாட்டு முறையோடு ஒத்துப்போகும் என்று காட்டிவிட்டு வாருங்கள் என்றார்கள்.

நம் நாட்டில் இதற்காகத்தான் ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் வந்தது. 2020 சுதந்திர தினத்தன்று அறிவித்தார்கள், 2021 செப்டம்பர் 27 முதல் நாடு முழுக்க. ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ஆபா எண், அதாவது சுகாதார அடையாள எண். பலர் நினைப்பது போல எல்லா ரிப்போர்ட்டும் டெல்லியில் ஒரே கம்ப்யூட்டரில் போய்ச் சேராது. எந்த ஆஸ்பத்திரியில் உருவானதோ அங்கேயே இருக்கும். நீங்கள் சம்மதம் கொடுத்தால் இன்னொரு ஆஸ்பத்திரி அதை வாங்கிப் பார்க்கலாம். ஆய்வு ஆப்களும் இந்த மிஷனின் தொழில்நுட்ப வரையறைப்படி கட்டப்பட்டால், டேப் திரும்பிப் போனாலும் பதிவு நோயாளியோடு இருக்கும். இரண்டு மாநில ஆஸ்பத்திரிக்கும் போகிற நம் எல்லைப் பிரச்சினைக்கும் அதுதான் வழி என்று நம்புகிறேன்.


செவிலி_மலையடி (பேரணாம்பட்டு பக்கம்)
செவ்வாய், காலை 6.25

தம்பி சொல்றது கேட்க நல்லா இருக்கு. நான் கிராம சுகாதார செவிலியர். நேத்து வேலை முடிச்சிட்டு உட்கார்ந்து படிச்சேன், இப்போ டியூட்டிக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி எழுதறேன்.

ஒரு கர்ப்பிணியைப் பதிவு பண்ணணும்னா பிக்மீங்கற அரசுப் பதிவுல ஏத்தணும். அந்த நம்பர் இல்லாம குழந்தைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்க முடியாது, அதனால அது ஒருநாளும் தள்ளிப் போகாது. அப்புறம் தடுப்பூசிக்குத் தனி, காசநோய்க்கு நிக்ஷய் தனி, சர்க்கரை, பிரஷர் மாதிரி தொற்றா நோய்க்கு 30 வயசுக்கு மேல எல்லாருக்கும் ஒரு படிவம் தனி. அத்தனையும் முடிச்ச பிறகு நோட்டுலயும் எழுதணும், ஏன்னா இன்ஸ்பெக்ஷனுக்கு வர்ற மேலதிகாரி நோட்டைத்தான் முதல்ல கேட்பாங்க. ஒரே அம்மாவோட பேரு, வயசு, புருஷன் பேரு, ஊரு இதையே நான் எத்தனை இடத்துல அடிக்கிறேன்னு ஒரு ஆராய்ச்சியாளர் வந்து கூட நடந்து பார்க்கணும்.

மலையடி ஊர்ல சிக்னல் கிடையாது. அங்க பேப்பர்ல எழுதிட்டு வந்து ராத்திரி வீட்ல ஏத்தறோம். பிள்ளைங்க படிப்பு, சமையல் எல்லாம் முடிஞ்ச பிறகு. அந்த நேரத்தை எந்தத் திட்டமும் வேலை நேரமா எண்ணுறதில்ல.

ஓடிபி பத்தியும் சொல்லணும். போன் புருஷன்கிட்ட இருக்கும், அவர் ஆம்பூர்ல ஷூ கம்பெனில இருப்பாரு. "அண்ணா ஒரு நம்பர் வந்திருக்கும் சொல்லுங்க"ன்னு கேட்டா யாரோ பேங்க்ல பணம் எடுக்க ஏமாத்தறாங்கன்னு போனை வச்சிருவாரு. அவர் மேல தப்பு சொல்ல மாட்டேன்.

பகல் 11 மணிக்குப் போனா வீட்ல இருக்கிறது வயசானவங்க மட்டும்தான். 35, 40 வயசுல இருக்கிற பொம்பளைங்க கம்பெனி பஸ்ல போயிடறாங்க. அவங்களுக்குத்தான் பிரஷர் இருக்கறதே தெரியாம இருக்கு. 2024-ல தொழிலாளரைத் தேடி மருத்துவம்னு கம்பெனிக்கே போய்ப் பார்க்க ஆரம்பிச்சது அதனாலதான் எனக்கு ரொம்ப சரியான முடிவாப் படுது. யாரோ ஒருத்தர் எங்க பேச்சைக் கேட்டிருக்காங்க.


ராமகுப்பம்_நிலக்கடலை
செவ்வாய், காலை 8.40

சிஸ்டர், வணக்கம். நான் விவசாயி. எனக்குச் சர்க்கரை, பிரஷர் ரெண்டும் உண்டு. நோயாளி பக்கத்துலேர்ந்து ஒண்ணு சொல்றேன்.

எங்க ஊர்ல 104 வண்டி வரும், பார்த்து மாத்திரை குடுப்பாங்க. தமிழ்நாட்டுல 104ன்னா போன்ல பேசற நம்பர். மருமகன் ஊரு குடியாத்தம். அறுவடை முடிஞ்சா மகள் வீட்டுல போய்த் தங்குவேன். அங்க மக்களைத் தேடி மருத்துவம்ல வர்ற அம்மா பிரஷர் பார்த்து மாத்திரை குடுத்தாங்க. நான் ரெண்டையும் சாப்பிட்டுகினு இருந்தேன், ரெண்டும் வேற வேற மருந்துன்னு நெனச்சி. ஒரு நாள் கொல்லைல எழுந்து நின்னா கண்ணு இருட்டிகினு வந்திச்சி. ஆஸ்பத்திரில டாக்டர் ரெண்டு அட்டையையும் வாங்கிப் பார்த்தாரு. ஒண்ணு டெல்மிசார்டன், ஒண்ணு லோசார்டன். ரெண்டும் ஒரே குடும்பத்து மருந்து, சேர்த்துச் சாப்பிடக் கூடாதுன்னாரு.

ஆந்திரா ஆப்ல என் பேரு இருக்கு, தமிழ்நாடு ஆப்லயும் என் பேரு இருக்கு. ஒண்ணுக்கொண்ணு தெரியாது. எனக்கு வர்ற மெசேஜ் தெலுங்குல வரும், எனக்குப் பேச வரும், படிக்க வராது. பேரன் வந்துதான் படிச்சுக் காட்டணும்.

காலை_வண்டி தம்பி சொன்ன ஆபா கார்டு எனக்கும் இருக்கு. சச்சிவாலயத்துல, அதான் எங்க ஊர் அரசு ஆபீஸ்ல, போட்டுக் குடுத்தாங்க. அதை வச்சி என்ன பண்ணணும்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல.


காலை_வண்டி (குப்பம்)
செவ்வாய், காலை 9.15

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் பதில் எழுதக் கை வரவில்லை. ரயிலில் இருக்கிறேன். இரவு எழுதுகிறேன்.


மருந்தாளுநர்_ஓய்வு (குடியாத்தம்)
செவ்வாய், மாலை 5.50

எல்லோரும் ஆப் பற்றியே பேசுகிறீர்கள். அரசு ஆஸ்பத்திரி மருந்து கவுன்ட்டரில் பணிக்காலம் முழுக்க நின்றவன் என்ற முறையில் ஒரு பழைய விஷயத்தை நினைவுபடுத்த வேண்டும்.

தமிழ்நாட்டில் டிஜிட்டல் மருத்துவம் உண்மையில் நிலைத்து நின்ற இடம் மருந்துக் கிடங்கு. 1994-ல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஆரம்பித்தார்கள். அதற்கு முன்னால் எந்த மருந்து எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஒரு ஆஸ்பத்திரியில் காலாவதியாகிக் கிடக்கும், பக்கத்து ஆஸ்பத்திரியில் அதே மருந்துக்கு ஜனம் அலையும். கழகம் வந்த பிறகு மாவட்டக் கிடங்கு, எல்லாவற்றையும் சேர்க்கும் கம்ப்யூட்டர் கணக்கு, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். பாங்க் புத்தகம் போலவே. இந்த ஆண்டு உனக்கு இவ்வளவு ரூபாய்க்கு மருந்து, எடுத்தது இவ்வளவு, மிச்சம் இவ்வளவு. எந்தக் கிடங்கில் எது குறைகிறது என்று சென்னையில் திரையில் தெரியும், ஆர்டர் போகும்.

இதை யாரும் டிஜிட்டல் ஹெல்த் என்று சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பிஎச்சிக்கு வந்தவரை "வெளியில் வாங்கிக்கோ" என்று சொல்லாமல் கையில் மாத்திரை கொடுத்து அனுப்ப முடிந்தது இந்த ஏற்பாட்டால்தான். கேரளா, ராஜஸ்தான் எல்லாம் பின்னால் இதே வழியில் கழகம் ஆரம்பித்தன.

இது ஏன் நிலைத்தது என்பதை யோசித்துப் பாருங்கள். செவிலியரிடம் ஒரு வரிகூடக் கூடுதலாகக் கேட்கவில்லை. மருந்தாளுநர் எப்படியும் கணக்கு எழுதித்தான் ஆக வேண்டும், அந்தக் கணக்கையே அது பயன்படுத்திக்கொண்டது. கணக்குச் சரியாக இருந்தால் எனக்கு மருந்து வரும், தப்பாக எழுதினால் என் கவுன்ட்டரில்தான் சண்டை. எழுதுகிறவருக்கே பலன் திரும்பி வந்தது. செவிலி அம்மா ராத்திரி உட்கார்ந்து ஏற்றுகிற தகவலில் அவருக்கு மறுநாள் காலை என்ன திரும்பி வருகிறது? இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஆப் எதையும் அரசு வாங்கக் கூடாது.


பிஎச்சி_மருத்துவர் (சித்தூர் மாவட்டம்)
செவ்வாய், இரவு 9.30

மருந்தாளுநர் ஐயா எழுதியதை என் நண்பர்களுக்கும் அனுப்பினேன். தமிழ் எனக்கு வீட்டு மொழி, எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இந்த இழையில் ஒரு ஆபத்து இருக்கிறது. "வித்தியாசம் இல்லை" என்று வந்த ஆய்வைக் காட்டி ஆப் எல்லாம் வீண் என்று முடித்துவிடுவோம். எம்-வெல்கேர் என்ற ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். ஹரியானா, கர்நாடகாவில் 40 சமுதாய சுகாதார நிலையங்கள். ஒரு பாதியில் செவிலியரிடம் சிகிச்சை முடிவுக்கு உதவும் டேப். மறு பாதியில் டேப் கிடையாது, ஆனால் அங்கும் செவிலியருக்குப் பயிற்சியும் சுவரில் மாட்டச் சிகிச்சை விளக்கப் படமும் உண்டு. ஓராண்டு கழித்து டேப் இருந்த பக்கம் முந்தவில்லை. இரண்டு பக்கமும் நோயாளிகளின் பிரஷர் குறைந்திருந்தது. நான் இதை எப்படி வாசிக்கிறேன் என்றால், ஒரு செவிலியரை இந்த நோய்களுக்கென்றே உட்காரவைத்து முறையாகப் பயிற்சி கொடுத்ததே பெரிய மருந்தாகியிருக்கிறது. டேப் அதற்கு மேல் சேர்க்கக் கொஞ்சம்தான் இருந்தது. கொள்கை வகுப்பவருக்கு இது பொன்னான செய்தி. ஆனால் "செவிலியர் பணியிடத்தை நிரப்புங்கள்" என்ற தலைப்பில் யாரும் கருத்தரங்கு நடத்துவதில்லை.

தாய்லாந்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். சர்க்கரை நோயாளியின் கண் திரையைப் படம் பார்த்துச் சொல்லும் கூகுளின் செயற்கை நுண்ணறிவு, ஆய்வகத்தில் கண் டாக்டருக்கு நிகராகத் தேறியது. அதை 11 கிளினிக்குகளில் வைத்துப் பார்த்தபோது, படங்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் "தரம் போதாது" என்று நிராகரித்துவிட்டது. நெரிசலான அறை, சரியாக இருட்டாக்க முடியவில்லை, நெட் மெதுவு. நிராகரிக்கப்பட்டவருக்குக் கண் நன்றாக இருந்தாலும் இன்னொரு நாள் வேலையை விட்டு வேறு ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டியிருந்தது. 2020-ல் அந்தக் குழுவே இதை வெளிப்படையாக எழுதியது. எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியது அதனால்தான்.

நடந்து காட்டிய உதாரணங்களும் உண்டு. தமிழ்நாட்டில் 2022 முதல் நடக்கும் காசநோய் இறப்பில்லாத் திட்டம், சென்னையில் உள்ள தேசிய தொற்றுநோயியல் நிறுவனமும் மாநிலக் காசநோய்ப் பிரிவும் சேர்ந்து செய்வது. காசநோய் என்று தெரிந்தவுடன் எடை, உயரம் பார்க்கிறார்கள், கால் வீக்கம் உண்டா, மூச்சு நிமிடத்துக்கு எத்தனை, ஆக்சிஜன் எவ்வளவு, பிடிக்காமல் நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். லேப் எதுவும் தேவையில்லை. மோசமாக இருந்தால் உடனே சேர்க்கை. முதலில் பேப்பர் படிவம், சேர்க்கைக்குப் படுக்கை, யார் பொறுப்பு என்ற உத்தரவு. இவற்றோடு சேர்ந்துதான் வலைச் செயலி வருகிறது. நோயாளி இறந்துபோகும் முதல் வாரங்களைக் குறிவைத்த ஆராய்ச்சி அது. ஆராய்ச்சி செய்தவர்களும் திட்டத்தை நடத்துகிறவர்களும் ஒரே மேஜையில் இருந்தார்கள்.

பிரஷருக்கு ஐஎச்சிஐ என்ற தேசியத் திட்டம், 2017 இறுதியில் கேரளா, தெலங்கானா உட்பட ஐந்து மாநிலங்களில் தொடங்கியது. மாநிலத்துக்கு ஒரே சிகிச்சை முறை, முப்பது நாளைக்கு மாத்திரை, அதற்குப் பிறகுதான் 'சிம்பிள்' என்ற ஆப். அந்த ஆப் கேட்பது மிகக் குறைவு: ஆள் யார், பிரஷர் எவ்வளவு, என்ன மருந்து, அடுத்து எப்போது. பதிலுக்கு, தேதி தவறியவர்களின் பட்டியலை செவிலியருக்குத் தருகிறது, அங்கிருந்தே போன் போடலாம். மருந்தாளுநர் ஐயா கேட்ட "காலையில் என்ன திரும்பி வருகிறது" என்பதற்கு அது ஒரு பதில். நோயாளிக்கு கியூஆர் போட்ட ஒரு அட்டையும் உண்டு. ராமகுப்பம் ஐயாவின் இரட்டை மாத்திரைக்கு அப்படி ஒரு அட்டை போதும் என்று நினைக்கிறேன்.


காலை_வண்டி (குப்பம்)
செவ்வாய், இரவு 11.05

> ஆபா கார்டு எனக்கும் இருக்கு... அதை வச்சி என்ன பண்ணணும்னு இன்னிக்கு வரைக்கும் யாரும் சொல்லல.

ஐயா, நேர்மையாகச் சொல்கிறேன். நீங்கள் போகும் இரண்டு இடத்திலும் பதிவு டிஜிட்டலாக உருவாகி, இரண்டும் உங்கள் ஆபாவோடு இணைக்கப்பட்டு, பார்க்கிறவரிடம் அதைத் திறக்கிற மென்பொருளும் இருந்தால்தான் அந்த எண்ணுக்குப் பலன். அந்தக் கண்ணி எங்கே அறுந்தாலும் எண் வெறும் எண்தான். பெரிய ஆஸ்பத்திரிகளில் இன்று அது அதிகம் பயன்படுவது ஓபி சீட்டுக்கு வரிசையில் நிற்காமல் கியூஆர் ஸ்கேன் செய்து டோக்கன் எடுக்க. அதுவும் நல்ல விஷயம்தான், கால் வலியோடு நிற்கிறவருக்கு. ஆனால் உங்களுக்குத் தேவைப்பட்டது அது இல்லை.

வரையறை இருந்தால் மற்றது தானாக வரும் என்ற என் எண்ணத்தை நீங்களும் செவிலி அக்காவும் அசைத்துவிட்டீர்கள். வரையறை வேண்டும் என்பதில் மாறமாட்டேன். அதோடு, எல்லை மாவட்டங்களுக்கு மட்டுமாவது இரண்டு மாநிலத் தொற்றா நோய்ப் பதிவுகளும் பேசிக்கொள்ளும் ஏற்பாட்டை ஒரு சோதனையாகக் கேட்கலாம். தொழில்நுட்பத்தில் இது கடினமான வேலையே இல்லை. இரண்டு அரசுகள் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான்.

இன்னொன்று, சம்மதம். ஆபா போடுவது கட்டாயமில்லை, விருப்பம்தான். போடும்போது அதை எத்தனை பேரிடம் சொல்கிறார்கள்? 2023-ல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்துவிட்டது. எதற்கு எடுக்கிறோம் என்று புரியும் மொழியில் சொல்லிச் சம்மதம் வாங்க வேண்டும் என்பது அதன் அடிப்படை. தெலுங்கு படிக்கத் தெரியாதவரிடம் தெலுங்குத் திரையைக் காட்டி "ஓகே" அழுத்தச் சொன்னால் அது சம்மதம் ஆகாது.


செவிலி_மலையடி (பேரணாம்பட்டு பக்கம்)
புதன், காலை 6.10

டார்கெட் இருக்கும்போது சம்மதம் கேட்க நேரம் எங்க தம்பி? "இன்னிக்கு இத்தனை முடிக்கணும்"னு வாட்ஸ்அப் குரூப்ல காலைலயே வந்துரும். சாயங்காலம் யாரு எத்தனை போட்டாங்கன்னு பட்டியல் வரும், குறைஞ்சவங்க பேரு சிவப்புல. அந்தப் பட்டியல்ல எத்தனை பேரைப் பதிவு பண்ணினோம்னுதான் இருக்கும். அவங்க பிரஷர் குறைஞ்சுதான்னு இருக்காது. டாக்டர் சார் சொன்ன மாதிரி தேதி தவறினவங்க பட்டியலை எனக்குக் குடுங்க, நான் சந்தோஷமா ஏத்தறேன். எங்க ஊர்ல யார் மாத்திரையை நிறுத்திட்டாங்கன்னு தெரியணும்னுதான் எனக்கும் ஆசை.

மக்களைத் தேடி மருத்துவம் ஆரம்பிச்சது கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளில, 2021 ஆகஸ்ட் 5. நம்ம மாதிரி எல்லை ஊருதான். அதுல ஜனங்களுக்குப் பிடிச்சது ஆப் இல்ல, தன்னார்வலர் அக்கா மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து குடுக்கறது. நடக்க முடியாத பாட்டிக்கு அது எவ்வளவு பெருசுன்னு நேர்ல பார்த்தாத்தான் தெரியும். அந்த அக்காக்களோட சம்பளம், பணி நிரந்தரம் பத்தியும் இந்த இழைல யாராவது பேசணும். அவங்க நின்னா திட்டம் நிக்கும்.


பாலாறு_மேற்கு (வி.கோட்டா)
புதன், இரவு 8.45

நான் கேட்டதைவிட அதிகம் கிடைத்துவிட்டது. எல்லோருக்கும் நன்றி.

ஆய்வு கொள்கையாகும் வாசல் எங்கே இருக்கிறது என்று வெளியே பலருக்குத் தெரியாது. தேசிய சுகாதார இயக்கத்தில் மாநிலங்கள் செயல்திட்டம் ஒன்றைத் தயாரித்து டெல்லிக்கு அனுப்பும். பிஐபி என்பார்கள். எத்தனை செவிலியர், எந்த மருந்து, எந்தப் பயிற்சி, டேபுக்கு எவ்வளவு, ரீசார்ஜுக்கு எவ்வளவு, எல்லாம் அதில் வரியாக இருக்க வேண்டும். அந்த வரி இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய பத்திரிகையில் கட்டுரை வந்தாலும் பிஎச்சியில் ஒன்றும் மாறாது. நான் வேலை செய்த ஆய்வுகளில் இந்த வரியைப் பற்றிய பேச்சு கடைசி மாதத்தில்தான் வந்தது. முடிவைச் சொல்லும் கூட்டத்துக்கு அதிகாரியை அழைப்போம், அவர் பாராட்டிவிட்டுப் போவார், அடுத்த மாதம் மாற்றலாகிப் போயிருப்பார்.

ஸ்மார்ட்ஹெல்த் கதை மேற்கு கோதாவரியோடு முடியவில்லை. அதே முறையை இந்தோனேசியாவில் மலாங் மாவட்டத்தில் செய்தார்கள். அபாயத்தில் இருந்தவர்களில் தேவையான மாத்திரைகளை எடுப்பவர்கள், முறை இருந்த கிராமங்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவுக்கு வந்தார்கள், இல்லாத கிராமங்களில் ஒருவர்தான். அங்கே ஊர்த் தன்னார்வலரோடு செவிலியரும் இணைந்து வேலை செய்தார்கள், உள்ளூர் அரசு பிறகு அதை மாவட்டத்தின் மற்ற பகுதிகளுக்கும் கொண்டுபோனது. ஆப்பின் அடிப்படை ஒன்றுதான், சேர்ந்த இடம் வேறு.

குப்பத்துக்காரர்கள் நமக்கு இப்போது ஒரு வாய்ப்பு இருக்கிறது. 2025-ல் குப்பம் ஏரியா ஆஸ்பத்திரியில் டாடாவோடு சேர்ந்து டிஜிட்டல் நெர்வ் சென்டர் (பிஎச்சிகளையும் ஆஸ்பத்திரியையும் ஆன்லைனில் இணைக்கும் மையம்) திறந்தார்கள். நான் அதை வரவேற்கிறேன். நம் ஊரில் நல்லது நடக்க வேண்டும். அதனால்தான் ஆரம்பத்திலேயே கேள்விகளைக் கேட்க வேண்டும் என்கிறேன். பதிவானவர்களில் எத்தனை பேருக்குப் பிரஷர் கட்டுக்குள் வந்தது என்று ஊருக்குச் சொல்வார்களா? பிஎச்சி மருந்து இருப்பும் அதே திரையில் தெரியுமா? பேரணாம்பட்டுக்கும் குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் போகிறவரின் பதிவு கூடப் போகுமா? தமிழில் மெசேஜ் வருமா? நடத்துகிற நிறுவனம் ஒருநாள் விலகினால் யார் பணத்தில் தொடரும்?

இதை மனுவாக எழுதி ஆஸ்பத்திரி வளர்ச்சிக் குழுவிடமும், தமிழ்நாட்டுப் பக்கம் அதே மாதிரி வட்டார மருத்துவ அலுவலரிடமும் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்.


பிஎச்சி_மருத்துவர் (சித்தூர் மாவட்டம்)
புதன், இரவு 9.50

கொடுங்கள். உள்ளே இருப்பவர்களுக்கும் அது உதவும். நாங்கள் கேட்டால் குறை சொல்வதாக ஆகும், ஊர் கேட்டால் கோப்பு நகரும்.

மனு முடிவாகும் வரைக்கும் ராமகுப்பம் ஐயா போன்றவர்களுக்கு உடனடியாக ஒன்று. இரண்டு பக்கத்து மாத்திரை அட்டைகளையும், காலியானதாக இருந்தாலும், ஒரே பையில் வைத்துக்கொண்டு எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் அதை மேஜையில் கொட்டுங்கள். கம்பெனிப் பெயர் மாறும், அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர் மாறாது. பேரனை அதைப் போட்டோ எடுத்து வைக்கச் சொல்லுங்கள். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள், கேட்டுவிட்டு நிறுத்துங்கள்.


மருந்தாளுநர்_ஓய்வு (குடியாத்தம்)
வியாழன், காலை 7.20

மனுவில் ஒரு திருத்தம். மருந்து இருப்பு பற்றிய கேள்வியை இரண்டாவதாகப் போட்டிருக்கிறீர்கள். அதை முதலில் வையுங்கள். கேள்வியையும் இப்படி மாற்றுங்கள்: "கடந்த மூன்று மாதத்தில் அம்லோடிபின், டெல்மிசார்டன், மெட்ஃபார்மின் மூன்றும் எத்தனை நாள் இல்லாமல் இருந்தன?" பொதுவாகக் கேட்டால் "போதுமான இருப்பு உள்ளது" என்று பதில் வரும். மருந்துப் பெயரும் நாள் கணக்கும் கேட்டால் பதிவேட்டைத் திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.


ராமகுப்பம்_நிலக்கடலை
வியாழன், காலை 8.05

டாக்டர் சார், அட்டை எல்லாத்தையும் இப்பவே ஒரு பைல போட்டுட்டேன். மனுவுல என் கையெழுத்தையும் போடுங்க. எங்க ஊர்லேர்ந்து இன்னும் ஆளுங்களைக் கூட்டி வர்றேன், கம்பெனி வேலைக்குப் போற பொம்பளைங்களையும் கேக்கறேன், அவங்களுக்கு ஞாயித்துக்கெழமைதான் லீவு.


காலை_வண்டி (குப்பம்)
வியாழன், காலை 8.30

ஞாயிற்றுக்கிழமையே வைத்துக்கொள்வோம். தெலுங்கு வடிவத்தை நான் எழுதித் தருகிறேன், தமிழை பாலாறு அண்ணா பார்க்கட்டும். செவிலி அக்கா, உங்கள் பெயர் மனுவில் வர வேண்டாம். ஒரு கர்ப்பிணியின் விவரத்தை எந்தெந்த இடத்தில் திரும்பத் திரும்ப ஏற்றுகிறீர்கள் என்று மட்டும் எனக்குத் தனிச் செய்தியில் அனுப்புங்கள். அதை ஒரே பக்கப் படமாக வரைந்து மனுவோடு இணைக்கிறேன்.


செவிலி_மலையடி (பேரணாம்பட்டு பக்கம்)
வியாழன், இரவு 10.40

அனுப்பிட்டேன் தம்பி. காசநோய், தடுப்பூசி ரெண்டையும் சேர்த்தே எழுதியிருக்கேன். படத்துல பேப்பர் நோட்டையும் போடுங்க, அதை விட்டுறாதீங்க.